கல்மண்டபத்தைக் காலிசெய்ய நினைக்கும் பெற்றோருக்கு

வடசென்னையில் கல்மண்டபத்திலும் காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் குடியிருந்துகொண்டு, பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் வேறு ஏரியாவில் வீடு பார்க்கத் தொடங்கியிருக்கும் இளம் தம்பதியரே,

பொங்கல் கழிந்ததும் நம் தெருக்களில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. கொளத்தூரில் ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறதாம், மாதவரம் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளி வந்திருக்கிறதாம், பழைய மகாபலிபுரம் சாலையில் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்துவிடலாமாம். அட்வான்ஸ் கட்ட வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. அம்மா அப்பாவை இங்கேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சாமான்களை ஏற்றுகிறீர்கள். கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பையன் படிப்புக்காக."

நான் இதே பேட்டையில் பிறந்து, என் பிள்ளைகளை இங்குள்ள மாநகராட்சிப் பள்ளியில் படிக்கவைத்தவள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் உங்களிடம் நேரடியாக ஒன்று கேட்கிறேன். வீட்டைக் காலிசெய்வதற்கு முன், பள்ளியையும் பயணத்தையும் ஒரே தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். பார்த்த பிறகும் போவது என்று முடிவெடுத்தால் போங்கள். பார்க்காமல் போகாதீர்கள்.

நீங்கள் ஏன் போக நினைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட் முன்னால் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே யூனிஃபார்ம் போட்ட பிள்ளையைக் கைபிடித்துச் சாலை கடத்திய அம்மாக்களில் நானும் ஒருத்தி. எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் வீடு இருந்தால், காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மாலைக்குள் கறுப்பாக விரல் பதியும். மணலியை 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியிலேயே மாணவிகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒரு தாய் "நாம் இங்கே இருக்க வேண்டாம்" என்று சொன்னால், அவளிடம் ஊர்ப்பற்று பேச எனக்கு வாய் வராது.

இன்னொரு காயமும் இருக்கிறது. "நார்த் மெட்ராஸா?" என்று கேட்கும்போது எதிராளியின் முகத்தில் வரும் மாற்றம். வேலைக்குப் போன இடத்திலும் பெண் பார்க்க வந்த இடத்திலும் அதை நாம் பார்த்திருக்கிறோம். நம் பிள்ளைக்கு அது வேண்டாம் என்ற ஆசை நியாயமானது. ஆனால் முகவரி மாறிய அன்றே பிள்ளையின் கல்வி மாறிவிடும் என்று நம்புவதுதான் ஆபத்து.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வீடு தேடும்போது முதலில் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்க்கிறீர்கள். அடுத்து வாடகை. வேலைக்குப் போய்வரும் தூரத்தைக் கடைசியில்தான் யோசிக்கிறீர்கள், "பழகிடும்" என்ற ஒரே சொல்லோடு. துறைமுகத்திலோ பாரிமுனையிலோ ஸ்டான்லி மருத்துவமனையிலோ வேலை பார்க்கும் அப்பா நகரத்தின் இன்னொரு மூலைக்குக் குடிபோனால், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 200 நாள் என்று குறைத்தே போட்டாலும் 400 மணி நேரம். அந்த 400 மணி நேரமும் உங்கள் பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டிய நேரம். இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து, தூங்கும் குழந்தையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கும் அப்பாவாக ஆவதற்கா இவ்வளவு செலவு செய்கிறீர்கள்?

வீட்டை மாற்றாமல் பிள்ளையை மட்டும் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். காலை ஆறே முக்காலுக்குக் கல்மண்டபம் முனையில் வந்து நிற்கும் வேனைப் பாருங்கள். உள்ளே இடமில்லாமல் பைகள் வெளியே தொங்கும். முதல் ஸ்டாப்பில் ஏறிய யூ.கே.ஜி. பிள்ளை ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிவிடும். சாயங்காலம் அதே பிள்ளைதான் கடைசியில் இறங்கும். வேனுக்கு என்று மாதாமாதம் நீங்கள் கட்டும் பணம், பிள்ளையின் தூக்கத்தையும் விளையாட்டையும் பறிப்பதற்குக் கட்டும் பணமாகிவிடுகிறது.

சரி, நம் பேட்டையில் என்ன இருக்கிறது? போக்குவரத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நமக்கு இருக்கும் வசதியை நாமே மதிப்பதில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. இன்றும் கடற்கரையிலிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் புறநகர் வண்டி ராயபுரத்தில் நிற்கிறது. அம்பத்தூரில் வேலை என்றால் நேராகப் போகலாம். மெட்ரோ 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையை நகரின் தென்பகுதியோடு இணைத்தது. 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை நீண்டது. புது வண்ணாரப்பேட்டையில் ஏறினால் சென்ட்ரல், கிண்டி, விமான நிலையம் என்று வண்டி மாறாமல் போகலாம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே குடும்பத்தில் அப்பா கிண்டிக்கும் அம்மா பாரிமுனைக்கும் பிள்ளை பக்கத்துத் தெருவுக்கும் போகும்படி வாழ முடிகிற இடங்கள் சென்னையில் அதிகம் இல்லை. நம் பேட்டை அப்படி ஓர் இடம்.

குறைகளையும் மறைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் வரும் வண்டிகளில் பல கொருக்குப்பேட்டையில் திரும்பி மூர் மார்க்கெட்டுக்குப் போய்விடுகின்றன; கடற்கரைக்குப் போகிறவை மட்டும்தான் ராயபுரத்தைத் தொடும். வேளச்சேரி பக்கம் வேலை கிடைத்தவர்கள், 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டு ஓராண்டுக்கு மேல் பட்ட பாடு எனக்குத் தெரியும். சிறுசேரியில் தினமும் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டிய வேலை என்றால், 35 கிலோமீட்டருக்கு மேல் போய்வருவதைவிட அங்கேயே குடிபோவது சரி. அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை இந்தப் பக்கத்திலேயே இருக்க, பள்ளியின் பெயருக்காக மட்டும் பெட்டி கட்டுகிறவர்களுக்குத்தான் இந்த மடல்.

அடுத்து பள்ளி. நீங்கள் படித்த காலத்து "கார்ப்பரேஷன் ஸ்கூல்" உங்கள் மனதில் அப்படியே உறைந்து நிற்கிறது. சென்னை மாநகராட்சி இன்று 400-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. நம் ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் பெரும்பாலான வீடுகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஏதாவது ஒரு சென்னைத் தொடக்கப் பள்ளியோ நடுநிலைப் பள்ளியோ இருக்கிறது. பல பள்ளிகளில் எல்.கே.ஜி. முதலே வகுப்புகள் உண்டு. ஆங்கில வழிப் பிரிவுகளும் உண்டு. காலையில் பிள்ளைகளுக்குச் சூடாகப் பொங்கலோ கிச்சடியோ உப்புமாவோ சாம்பாரோடு போடுகிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மீன் இறக்கும் வேலைக்கு விடியுமுன் காசிமேட்டுக்குப் போகும் அம்மாவின் பிள்ளை பசியோடு முதல் பீரியடில் உட்காருவதில்லை என்பது சின்ன விஷயமா?

பள்ளியில் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்ற எண்ணத்தைச் சென்னை மாநகராட்சிக்குக் கொண்டுவந்தவர் நம் வண்ணாரப்பேட்டைக்காரர். 1920-இல் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர்தான், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவுக்கு மன்றத்தின் ஒப்புதல் வாங்கினார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு என்று முடிவானது. அவர் தொடங்கிய பள்ளி பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. அவர் பெயர் தாங்கிய கல்லூரியின் பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது. தினமும் அந்த நிலையத்தில் இறங்கி ஏறுகிற நாம், அவர் கட்டிக்காத்த பள்ளிகளை நம் பிள்ளைகளுக்கு ஆகாதவை என்று ஒதுக்கலாமா?

பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்பால் யோசிக்கிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் எழுதுகிறவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. கடலை நம்பி வாழும் காசிமேட்டுப் பிள்ளை மீன்வளப் பட்டதாரியாக வரும் வழி அதில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் பிராட்வேயில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியில்தான். 2024 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே தொகையைத் தருகிறது. சமச்சீர்க் கல்வி 2011-இல் உறுதியான பிறகு, மாநில வாரியத்தில் மெட்ரிக் பிள்ளை படிப்பதும் மாநகராட்சிப் பிள்ளை படிப்பதும் ஒரே பாடப் புத்தகம். நீங்கள் ஃபீஸ் கட்டுவது புத்தகத்துக்கு என்று நினைத்தால், அந்தப் புத்தகம் அடுத்த தெருவில் இலவசமாகக் கிடைக்கிறது.

"அப்படியானால் அந்தப் பள்ளிகளில் குறையே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். கழிவறைக்குத் தண்ணீர் வராமல் பெண் பிள்ளைகள் நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் மைதானத்தில் கணுக்கால் அளவு தேங்கும். கம்ப்யூட்டர் இருக்கும் அறை பூட்டியே கிடக்கும். இவற்றைச் சொல்லி நீங்கள் விலகும்போது, உங்கள் பிள்ளைக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. வகுப்பறையில் மிச்சமிருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

மனு எழுதத் தெரிந்தவர், மண்டல அலுவலகத்துக்கு நடக்க நேரம் இருப்பவர், கவுன்சிலரிடம் நின்று பேசத் துணிந்தவர் எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்விட்டால், மிச்சமிருப்பது ஒரு நாள் கூலியை இழந்தால் அன்றைய அடுப்பு எரியாத தாய்மார்கள். வேலை நாளில் மதியம் பெற்றோர் கூட்டம் வைத்தால் அவர்களால் வர முடிவதில்லை. வந்தாலும் "டீச்சரம்மா சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட வேண்டிய அவசரம். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அதிகாரம் நம் கையில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துப் பேச வேண்டிய ஆட்கள்தான் மாதவரத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றுகிறது என்று ஊரே தூர்வாராமல் நகர்ந்துபோனால், கிணறு வற்றியது யாரால்? சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். பணியிடம் குறைந்தால் இன்னும் சில குடும்பங்கள் விலகும். இப்படித்தான் ஒரு நல்ல பள்ளி நம் கண்ணெதிரே மெலிகிறது.

நீங்களாவது எங்கே குடியிருப்பது என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கிறீர்கள். நம்மோடு இதே தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் கால்வாய்க் கரையிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் சென்னையின் ஏழைக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வீடு கிடைத்தது, வேலை பழைய இடத்திலேயே இருந்தது. கல்வியாண்டின் நடுவில் இடம் மாறியதால் படிப்பை விட்ட பிள்ளைகள் பலர். பள்ளியும் வேலையும் வீடும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்துக்குப் போனால் ஒரு குடும்பம் எப்படிக் கலையும் என்பதை அவர்கள் வாழ்க்கை நமக்குக் காட்டிவிட்டது. அவர்கள் மேல் திணிக்கப்பட்ட தூரத்தை நீங்கள் கடன் வாங்கி விலைக்கு வாங்க வேண்டுமா?

வெளிநாட்டுக்குப் போன உறவினர்கள் உங்களுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் நல்ல அரசுப் பள்ளி இருக்கும் வட்டாரத்தில்தான் வீட்டு விலை ஏறும், அதைப் பார்த்துத்தான் வீடு வாங்குவார்கள் என்று. உண்மைதான். அங்கே பள்ளிக்குப் போகும் பணத்தில் கணிசமான பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. பணக்கார வட்டாரத்துக்கு வளமான பள்ளி, ஏழை வட்டாரத்துக்கு ஏழைப் பள்ளி என்று ஆகிவிட்டதை அங்கேயே பலர் கண்டிக்கிறார்கள். நம்மிடம் அப்படி இல்லை. ராயபுரத்து மாநகராட்சிப் பள்ளி ஆசிரியருக்கும் அடையாறு மாநகராட்சிப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம், ஒரே தகுதி, ஒரே தேர்வு முறை. 1966-இல் கோத்தாரி ஆணையம் கேட்டது, ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் சாதி, வசதி பாராமல் ஒன்றாகப் படிக்கும் அண்மைப் பள்ளியை. அதற்குத் தேவையான கட்டடமும் ஆசிரியரும் நம் தெருவில் இருக்கிறார்கள். எல்லாக் குடும்பங்களும் வந்து சேர்ந்தால்தான் அது நிறைவேறும்.

இனி, வீடு மாறித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு. எண்ணூரில், கத்திவாக்கத்தில், மணலியில் பிள்ளைக்கு இளைப்பு வந்து மருத்துவர் இடம் மாறச் சொல்லியிருந்தால் தயங்காமல் மாறுங்கள். ஆனால் நகரத்தின் மறுகோடிக்கு ஓடுவதற்கு முன், இதே ரயில் பாதையில், இதே மெட்ரோ தடத்தில் தெற்கே இறங்கி வந்து பாருங்கள். புரோக்கர் வீட்டைக் காட்டும்போது மார்பிள் தரையையும் மெட்ரோ வாட்டர் இணைப்பையும் பார்ப்பீர்கள். கூடவே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் கண்டெய்னர் லாரி ஓடும் சாலையைக் கடக்க வேண்டுமா? ஐந்தாம் வகுப்பு முடிந்தால் அடுத்த பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கிறதா, அங்கே மேல்நிலையில் என்னென்ன பாடப் பிரிவுகள் இருக்கின்றன? அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது பிள்ளை பள்ளி விட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேர முடியுமா? மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும்? இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால் பெயிண்ட் உதிர்ந்த வீடானாலும் எடுங்கள். வராவிட்டால் லிஃப்ட் இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, உங்களிடம் நான் கேட்பது மூன்று.

முதலாவது, அண்மை ஆண்டுகளில் மாநகராட்சிப் பள்ளிகளில் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. எந்தப் பள்ளிக்கும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன், உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். வகுப்பறையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கழிவறையைத் திறந்து பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒரு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேள்விப்பட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது, தனியாகப் போகாதீர்கள். உங்கள் தெருவில் அதே வயதுப் பிள்ளை வைத்திருக்கும் நான்கைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒரு பிள்ளை சேர்ந்தால் அது ஒரு குடும்பத்தின் துணிச்சல். ஐந்து பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தால் அந்த வகுப்பே மாறும். அங்கே குறை இருந்தால் ஐந்து கையெழுத்தோடு மனு போகும்.

மூன்றாவது, சேர்த்த பிறகு மேலாண்மைக் குழுவில் இடம் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தைக் கூலி வேலைக்குப் போகும் தாயும் வரக்கூடிய நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடத்தையும், பள்ளி விடும் நேரத்தில் நம் தெருக்களில் கண்டெய்னர் லாரிகளை விடக் கூடாது என்பதையும், ராயபுரத்தில் கூடுதல் மின்சார ரயில் நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானமாக எழுதிக் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் ரயில்வேயிடமும் கொடுங்கள். 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் பல ஆயிரம் கோடியில் தொடங்கப்பட்டது. அதில் நம் பள்ளிக்கு எவ்வளவு, நம் பள்ளி வாசல் சாலைக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்க, இங்கேயே குடியிருந்து இங்கேயே பிள்ளையைப் படிக்கவைக்கும் உங்களைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை.

வரும் கல்வியாண்டு மட்டும் எங்களோடு இருந்து பாருங்கள் என்று கேட்கிறேன். ஓர் ஆண்டு கழித்தும் உங்கள் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை, நாங்கள் யாரும் உங்கள் பக்கம் நிற்கவில்லை என்றால், டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் இந்த மார்ச்சில், வீட்டு உரிமையாளரிடம் காலிசெய்கிறேன் என்று சொல்வதற்கு முன்பு, பக்கத்துப் பள்ளியின் வாசலுக்கு உங்கள் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் உள்ளே இருப்போம்.

உங்கள் பேட்டைக்காரி,
கல்மண்டபம், ராயபுரம்